ஐசியூவுக்குப் பிறகு எங்கே: வார்டா, மகன் வீடா, மஞ்சக்குப்பமா?

மாமனாருக்கு வயது 66. நிமோனியாவில் ஆரம்பித்து ரத்தம் முழுக்கக் கிருமி பரவி, புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 16 நாள் ஐசியூ, அதில் 11 நாள் வென்டிலேட்டர். "வார்டுக்கு மாத்தியாச்சு, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். அன்று ராத்திரியே கேன்டீன் வாசலில் சண்டை ஆரம்பித்துவிட்டது. இன்னும் பத்து நாள் வார்டிலேயே இருக்கட்டும் என்பது என் மனைவியின் கட்சி. முத்தியால்பேட்டையில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், ஆஸ்பத்திரி பக்கம் என்றார் மச்சான். அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நம்ம வீடு." அது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது.

மூன்று பேரும் பேசியது ஆபத்தைப் பற்றி. மறுபடி மூச்சு முட்டினால் யார் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது என்பதே கேள்வியாக இருந்தது. மாமாவோ அப்போது தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டிவி ரிமோட்டை அழுத்த விரலில் பலமில்லை. சோம்பலோ, வயதோ இதற்குக் காரணமில்லை. லண்டனில் ஐசியூ நோயாளிகள் 63 பேரைத் தொடர்ந்து அளந்து 2013-ல் வெளியான ஆய்வில், பத்தே நாளில் தொடைத் தசையின் பருமன் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்திருந்தது. கிருமித் தொற்று, அசையாமல் படுத்திருப்பது இரண்டும் சேர்ந்து தசையைத் தின்கின்றன.

பாதிப்பு தசையோடு நிற்பதில்லை. மறதி, குழப்பம், தூக்கமின்மை, பயம் எல்லாம் கூடவே வரும். இந்த மொத்தத்துக்கும் 2012-ல்தான் மருத்துவ உலகம் ஒரு பெயர் வைத்தது: தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய பாதிப்பு. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு வரும் மனச்சோர்வையும் பதற்றத்தையும்கூட இதன் ஒரு கிளையாகவே சேர்த்திருக்கிறார்கள். எத்தனை நாளில் சரியாகும்? கனடாவில், கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரைப் பின்தொடர்ந்து 2003-ல் வந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், மூன்றாம் மாதத்தில் நடுத்தரமாக 281 மீட்டர். ஓராண்டில் 422 மீட்டர். அப்போதும் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஆக, இது ஒரு வருஷக் கணக்கு. இதை மனதில் வைத்துத்தான் மூன்று இடங்களையும் எடை போட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் வார்டு. ஜிப்மர் போன்ற அரசு ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்வியே எழாது. அந்தப் படுக்கைக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார். தனியாரில் பணம் கட்டினால் வைத்துக்கொள்வார்கள். ஆக்சிஜன் பைப் சுவரிலேயே இருக்கிறது, நர்ஸ் கூப்பிடு தூரம். சரி. ஆனால் எங்களுக்கு பிசியோ, அதாவது உடற்பயிற்சி செய்ய வைப்பவர், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் வந்தார். மற்ற நேரமெல்லாம் மாமா படுத்தேதான் கிடந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டு பிபி பார்த்தார்கள். குழம்பிய மூளைக்குத் தூக்கம்தான் மருந்து; வார்டில் கிடைக்காத மருந்தும் அதுதான். ஸ்காட்லாந்தில் 240 பேரில் பாதிப் பேருக்கு, ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தபின் கூடுதல் பிசியோவும் சத்துணவு ஆலோசனையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்குத் திருப்தி கூடியது. மூன்று மாதம் கழித்து நடமாட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2015-ல் எழுதினார்கள். மாறாக, வென்டிலேட்டரில் இருக்கும்போதே மயக்க மருந்தைத் தினமும் கொஞ்ச நேரம் நிறுத்தி, உட்கார வைத்து, நிற்க வைத்த அமெரிக்க ஆய்வில் (2009) 59 சதவீதம் பேர் தன் வேலையைத் தானே செய்யும் நிலையில் டிஸ்சார்ஜ் ஆனார்கள். வழக்கமான முறையில் 35 சதவீதம்தான். அதனால் உங்கள் ஆள் இப்போது ஐசியூவில் இருந்தால், "எப்போ உட்கார வைப்பீங்க?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

வார்டில் தங்கியே ஆக வேண்டிய நிலை உண்டு. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, சளியை இருமித் துப்பத் தெம்பில்லை, முதுகில் படுக்கைப்புண் ஆழமாகிறது என்றால் வீட்டைப் பற்றிப் பேசவே கூடாது. தொண்டையில் குழாய் இருந்தவர்களுக்கு விழுங்குவது தடுமாறும். உணவு நுரையீரலுக்குள் போனால் மறுபடி நிமோனியா. மாமா கஞ்சியைப் புரை ஏறாமல் குடித்த பிறகுதான் நாங்கள் கிளம்பினோம்.

மச்சான் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இதற்கு மேல் அலச ஒன்றுமில்லை. ஏறிவிட்டால் இரண்டு மாதம் இறங்க முடியாது. ரீஹாப் மையம், அதாவது தங்கிப் பயிற்சி எடுத்துத் தேறும் இடம், என்று நாலாவதாக ஒன்றை யாரோ சொன்னார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு அது நல்ல வழி. மாமாவுக்கு அறிமுகமில்லாத முகங்களைக் கண்டாலே பயம், அதனால் விட்டோம்.

மஞ்சக்குப்பம் வீட்டில் கழிவறை கொல்லைப்புறம். டாக்டர் வீடு தூரம். ஆனால் தரைவீடு, திண்ணை உண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். அதைவிட முக்கியம், எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வரும் பிசியோவும் உண்டு. புதுச்சேரி முகவரிக்கு அது கிடையாது. அந்தத் திட்டத்து பிசியோக்கள் ஊர் முழுக்கச் சுற்றுகிறவர்கள், தினமும் வரச்சொல்ல முடியாது. அதனால் தனியாக ஒரு பிசியோவை வாரம் மூன்று நாள் வரவழைத்தோம். மற்ற நாளில் அவர் சொல்லிக்கொடுத்ததை நானும் அத்தையும் செய்ய வைத்தோம். எங்கள் கணக்கில், வார்டின் ஒரு நாள் வாடகையில் அவர் நாலு தடவை வந்துவிடுவார்.

பிழை நடந்தது வேறு இடத்தில். டிஸ்சார்ஜ் சம்மரியில் 13 மாத்திரை. ஐசியூவில் பிதற்றலை அடக்கக் கொடுத்த தூக்க மாத்திரையும் அதிலேயே தொடர்ந்தது. எப்போது நிறுத்துவது என்று ஒரு வரி இல்லை. மாமா பகலெல்லாம் தூங்கி வழிந்தார், சாப்பிட எழுப்பினால் அடிக்க வந்தார். வீட்டுக்கு வந்ததுதான் தப்போ என்று அத்தை அழுதார். மூன்று வாரம் கழித்து எங்கள் வழக்கமான டாக்டர் சம்மரியைப் படித்துவிட்டு, "இது ஐசியூவுக்கான மாத்திரை ஆச்சே, இன்னுமா தர்றீங்க?" என்று படிப்படியாகக் குறைத்தார். வயிற்று அமில மாத்திரையையும் நிறுத்தினார். எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், கிளம்பும் முன் ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி "இது எது வரைக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாளெல்லாம் ஒரே வேலை. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலி. நாற்காலியைப் பிடித்துப் பத்து எண்ணும்வரை நிற்பது. இரண்டாம் வாரம் கதவு வரை, ஐந்தாம் வாரம் திண்ணை. தினமும் இரண்டு முட்டை, மீன் கிடைத்தால் மீன். பகலுக்கு வைத்த அட்டெண்டர் நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார். சட்டை பட்டனை மாமாவே போடட்டும் என்று அவரைத் தடுப்பது பெரும்பாடு. ராத்திரி முறை அத்தைக்கு. இரண்டு மாதத்தில் அவர் ஏழு கிலோ இளைத்துவிட்டார். சொந்த வீட்டின் விலையை அவர்தான் கொடுத்தார். அப்போதே மச்சானை வாரம் இரண்டு ராத்திரி வரவழைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் மாதம் பேத்தி பிறந்தநாளுக்கு மாமா முத்தியால்பேட்டை போனார். தளத்துக்குத் தளம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார் மச்சான். மாமா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, மேலே போய்ச் சேர்ந்ததும் "44 படிடா" என்றார். இறங்கும்போது 39 என்றார். நான் எண்ணியதில் 42.