டாக்ரோலிமஸா, சைக்ளோஸ்போரினா? ஒரு நர்ஸின் பார்வையில்

சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்தவர்களின் மாத்திரை டப்பாவில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: ஸ்டீராய்டு, மைக்கோபெனோலேட், அப்புறம் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின். மூன்றாவது எது என்பதைப் பார்த்துத்தான் அந்த நோயாளியிடம் நான் எதைத் தேட வேண்டும் என்று முடிவு செய்வேன்.

இரண்டுமே மண்ணிலிருந்து கிடைத்தவை. சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது; 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்த பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. உடலுக்குள் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: கால்சினியூரின் என்ற நொதியைத் தடுத்து, புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்குவது. அளவு கூடினால் இரண்டுமே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பலன் என்று பார்த்தால் டாக்ரோலிமஸ் ஒரு படி மேல். 2007இல் வெளியான, 1,645 பேர் பங்கேற்ற சிம்பனி ஆய்வில், குறைந்த அளவு டாக்ரோலிமஸ் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது, உடல் புதுச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும் நிராகரிப்பும் குறைவு. ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது அவர்களுக்குத்தான் அதிகம். வீட்டுக்கு ஒருவருக்குச் சுகர் இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

சைக்ளோஸ்போரின் தன் அடையாளத்தை வெளியே காட்டிவிடும். ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறும். கன்னத்திலும் உதட்டுக்கு மேலும் ரோமம் வளரும். இளம்பெண்களுக்கு இது பெரிய வேதனை. துப்பட்டாவைக் கன்னம்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். "மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?" என்றால் "போடுறேன் சிஸ்டர்" என்ற பதில்தான் வரும். ரத்தத்தில் மருந்தின் அளவு வேறு கதை சொல்லும். அப்படிப்பட்டவரைத் திட்டக் கூடாது. மருந்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் அவருக்காக நாமே பேச வேண்டும்.

டாக்ரோலிமஸ் எடுப்பவரிடம் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்வேன். விரல் நடுங்கினால், டீ டம்ளரைப் பிடிக்கும்போது தளும்பினால், மருந்து கூடியிருக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தாலும் ரத்தத்தில் இதன் அளவு ஏறும். அதனால் "ரெண்டு நாளா வயிறு சரியில்லை" என்பதைச் சாதாரணமாக விடக் கூடாது. ஒரு நாளுக்கு இருமுறை போடும் கேப்சூலும் ஒருமுறை போடும் கேப்சூலும் ஒன்றல்ல. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

சாப்பிடும் முறையிலும் வித்தியாசம் உண்டு. டாக்ரோலிமஸை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ போடுவது நல்லது. சைக்ளோஸ்போரின் திரவத்தைக் கண்ணாடி டம்ளரில்தான் கலக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பம்பளிமாஸ் பழம் இரண்டுக்கும் ஆகாது.

நான் அதிகம் கவலைப்படுவது ரத்தப் பரிசோதனை நேரத்தைப் பற்றி. இருமுறை போடுபவருக்கு முந்தைய டோஸ் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர் வழியிலேயே மாத்திரையைப் போட்டுவிடுவார். அளவு கூடுதலாகக் காட்டும், டோஸ் குறையும், நிராகரிப்புக்குக் கதவு திறக்கும். ஊசி போடுவதற்கு முன் "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டுப் படிவத்தில் எழுதிவிடுவேன். சைக்ளோஸ்போரினுக்குச் சில மையங்களில் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பார்கள். அங்கே கால் மணி நேரத் தாமதம்கூடக் கணக்கைக் குழப்பும்.

தொற்று விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே சட்டம். காய்ச்சல் 100.4 தொட்டால் அன்றே வர வேண்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால், காய்ச்சல் இல்லாத இருமலையும் சும்மா விடக் கூடாது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது. வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து என்றாலும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிபி வந்துவிட்டால் இன்னொரு சிக்கல். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இரண்டின் அளவையும் சடசடவென இறக்கிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும், பாக்டீரியா தொற்றுக்கான கிளாரித்ரோமைசினும் ஏற்றிவிடும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை கொடுத்தால், முதல் மாத்திரையைப் போடும் முன்பே எங்களுக்குப் போன் செய்யச் சொல்கிறேன். மருந்துச் சீட்டின் மேல் சிவப்பு மையில் "கிட்னி மாற்றியவர்" என்று எழுதித்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.