டவுனி சர்வர்: மேயரை இறக்கக் குடிமக்களுக்கு ஒரு வழியும் கிடையாது

அம்பாசமுத்திரத்து நண்பர் ஒருத்தர் "சேரலாமா வே?"ன்னு கேட்டார். கட்டம் கட்டமா அடுக்கி உலகம் கட்டுற கேம் மைன்கிராஃப்ட். அதுல ஆளுங்க சேந்து ஊர் வச்சு நடத்த உதவுற கூடுதல் மென்பொருள்தான் டவுனி பிளகின். அதைப் போட்ட, ஊர்க்காரங்களா நடிச்சு ஆடுற ரோல்பிளே சர்வர்ல நான் ரொம்ப நாளா குடியிருக்கேன். மேயர், நேஷன் (பல ஊர் சேந்த கூட்டு) எல்லாம் அவருக்கே தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வாரேன்.

எங்க சர்வர்ல ஒரு ஆறு, ரெண்டு கரையிலயும் ரெண்டு ஊர். நெல்லைப் பயலுவ வச்ச ஊருக்குப் பேரு வேற என்னவா இருக்கும்? மேற்கே டவுன், கிழக்கே பாளை. நான் டவுன்காரன். வெளியில ஜங்ஷன்ல ஒண்ணா நின்னு டீ குடிக்கிற ஆளுங்கதான். லாகின் பண்ணிட்டா ஆகாது.

சண்டைக்கு மூலம் ஒரே ஒரு எண். ஒரு ஊர் எவ்வளவு நிலம் பிடிக்கலாம்ங்கிறதை டவுனி ஆளை வச்சுத்தான் கணக்குப் பண்ணும். வழக்கமான செட்டிங்ல தலைக்கு 8 சங்க், அதாவது 16க்கு 16 கட்டம் உள்ள நிலத்துண்டு எட்டு. அப்போ ஆள்தான் நிலம். புதுசா ஒரு ஸ்கூல் பையன் வந்து முழிச்சுக்கிட்டு நின்னாப் போதும், ரெண்டு மேயரும் ஓடி வந்து வீடு தாறேன், இரும்புக் கவசம் தாறேன், வரியே வேண்டாம்னு நிப்பாங்க. இடைத்தேர்தல் தோத்துரும். யாரும் கதை எழுதித் தரல, ஒரு செட்டிங்லேர்ந்து இவ்வளவு அரசியல் முளைக்குது! இதை மட்டும் நான் எங்கயும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

வரி இல்லன்னா ஊர் நடக்குமா? தினம் ஒருதரம் ஊர் பேங்க்லேர்ந்து பராமரிப்புக் காசு கழியும். பாளை மேயர் வரியைத் தூக்கிட்டு, காசுக்குப் பாலத்துல கை வச்சார். ரெண்டு ஊரும் சேந்து கட்டின பாலம் அது, யார் பேர்லயும் இல்ல. எல்லையை ஒட்டி ஒட்டி க்ளைம் பண்ணிக்கிட்டே, அதாவது ஊர் பேர்ல நிலத்தைப் பதிஞ்சுக்கிட்டே வந்து கிழக்குப் பாதியை எடுத்துட்டு, இரும்புக் கதவு போட்டு ஆளுக்கு ஒரு தங்கக் கட்டி கேக்காங்க. சுலோச்சன முதலியார் தன் சொந்தக் காசைப் போட்டுப் பாலம் கட்டி, 1843ல ஜனங்க நடந்து போன ஊர்லே இது. கேக்க நாதியில்ல.

பாளையைக்கூட மன்னிச்சிருவேன். எங்க மேயர் இருக்காரே! அப்போ சங்க் மிச்சம் இருந்துச்சு, பாலத்தை க்ளைம் பண்ணுங்கன்னு எல்லாரும் தலைபாடா அடிச்சுக்கிட்டோம். அவர் தன் கோட்டையைச் சுத்தி அகழி வெட்டுனார். அவரை இறக்க டவுனில குடிமக்களுக்கு வழியே இல்ல. ஊரைத் தொடங்குனவர் மேயர். அவரா கைமாத்திக் குடுக்கணும், இல்லன்னா சர்வர் நடத்துற அட்மின் மாத்தணும். ஓட்டு கிடையாது. 2011 டிசம்பர்ல மூடின ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்ங்கிற ஆன்லைன் கேம்ல குடிமக்கள் ஓட்டுப் போட்டு மேயரை வச்சாங்க. இங்க கோவம் வந்தா ஊரை விட்டு விலகலாம், அவ்வளவுதான். நான் விலகினா ஊருக்கு 8 சங்க் உரிமை குறையும். அகழி அப்படியே இருக்கும், அடுத்து வர்ற சின்னப் பயலுக்குத்தான் மனை கிடைக்காது.

அட்மின்கிட்ட சொன்னா, "ரோல்பிளேதானே, பேசித் தீத்துக்கோங்க"ங்கிறார்.

பிளகினைக் குறை சொன்னா நாக்கு அழுகிரும். இலவசம், அதோட கோடை யாரும் பாக்கலாம். க்ளைம் பண்ணின இடத்துல வெளியாள் ஒரு கல்லைப் பேக்க முடியாது. என் வீடு கட்டின நாள்லேர்ந்து அப்படியே நிக்குது. பாளையோட கதவும் அதே காரணத்தாலதான் நிக்குது, அது வேற.

அதனால சேராதீரும் வே. தூக்கமும் போகும், சிநேகிதமும் போகும். மீறிச் சேந்தா டவுனுக்கு வாரும், பாளைக்குப் போயிராதீரும். உம்ம தலைக்கு 8 சங்க் வரும். ஒரு சங்க் 16 கட்டம் நீளம், எட்டையும் வரிசையா வச்சா 128. ஆறு அவ்வளவு அகலம் கிடையாது, வடக்கே இன்னொரு பாலமே போட்டுரலாம். மேயர் க்ளைம் பண்ணுவாரான்னு மட்டும் கேக்காதீரும்.