சரக்கு கைமாறுதா, ஆளையே தட்டி எழுப்புதா: பாத்வேல எந்த அம்ப போடுறது?

பாத்வே, அதாவது செல்லுக்குள்ள ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா நடக்குற வேலைகளோட வரிசை. அதோட டெக்ஸ்ட்புக் படத்துல ரெண்டு புரோட்டீன் பக்கத்துல பக்கத்துல இருந்தா நடுவுல ஒரு அம்பு இருக்கும், அதுக்கு என்ன அர்த்தம்னு நாமளும் கேட்டதில்ல, வாத்தியாரும் சொன்னதில்ல. ஜீன் ஆன்டாலஜிங்குறது ஜீன்கள் என்ன வேல செய்யுதுன்னு பொதுவான சொற்கள்ல பதிவு பண்ற திட்டம்; அந்த வேலைகள ஒண்ணோட ஒண்ணு கோத்து காட்டுற அதோட கோ-காம் (GO-CAM) மாடல்ல அந்த பருப்பு வேகாது. ஒரு மாலிக்யூலர் ஃபங்ஷன (ஒரு புரோட்டீன் செய்யுற வேலைய) அடுத்ததோட இணைக்கும்போது இது என்ன உறவுன்னு பேரச் சொல்லியே ஆகணும். புதுசா க்யூரேஷன் (பேப்பர் படிச்சு இப்படி மாடல் போடுற வேல) பண்றவங்க முழிக்கிறது பெரும்பாலும் ரெண்டு உறவுக்கு நடுவுலதான்: "இன்புட் குடுக்குது"ன்னு போடுறதா, "நேரடியா பாசிட்டிவ்வா ரெகுலேட் பண்ணுது"ன்னு போடுறதா.

நானும் முழிச்சவன்தான். முதல் தடவ கிளைகாலிசிஸ் (குளுக்கோஸ ஒடைக்கிற பாத்வே) மாடல் போட்டப்ப எல்லா ஸ்டெப்புக்கும் ரெகுலேட் உறவையே இழுத்து விட்டுட்டேன், முன்னாடி என்சைம் ஓடாம பின்னாடி என்சைம் ஓடாதுல்ல, அப்ப அது கன்ட்ரோல்தானேன்னு ஒரு லாஜிக். ரிவ்யூல அப்படியே திரும்பி வந்துச்சு.

ஹெக்ஸோகைனேஸ எடுத்துக்கோங்க. குளுக்கோஸ்ல ஒரு பாஸ்பேட்ட ஒட்டி குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஆக்குது, அடுத்து ஐசோமரேஸ் அத வாங்கி ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட் ஆக்குது. இங்க ஐசோமரேஸுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல, அது பாட்டுக்கு இருந்துச்சு, சரக்கு வந்துச்சு, வேல பாத்துச்சு. இது இன்புட் குடுக்குற உறவு, அவ்ளோதான். இதப் போய் ரெகுலேஷன்னு போட்டா, நாளைக்கு யாராவது "கிளைகாலிசிஸ கன்ட்ரோல் பண்ற புரோட்டீன் எதெல்லாம்"னு தேடுறப்ப பாத்வேல இருக்குற அத்தன என்சைமும் வரிசையா வந்து நிக்கும், நிஜமான கன்ட்ரோல் பாயின்ட் அந்த கூட்டத்துல காணாம போயிடும்.

செல்லுக்குள்ள சிக்னல கடத்துற ராஃப், மெக், எர்க்ங்குற மூணு கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டுற என்சைம்) வரிசைல கத தலைகீழ். ராஃப் வந்து மெக்1ல 218, 222 ரெண்டு இடத்து செரின் அமினோ ஆசிட்லயும் பாஸ்பேட் ஒட்டுது, மெக் முழிச்சிக்குது, போயி எர்க்2ல 185ஆவது த்ரியோனின்லயும் 187ஆவது டைரோசின்லயும் ஒட்டுது. இங்கதான் நெறைய பேர் வழுக்குறாங்க: மெக் ராஃபோட சப்ஸ்ட்ரேட்தானே (என்சைம் வேல செய்யுற சரக்கு), ராஃப் வேலையோட அவுட்புட் பாஸ்பேட் ஒட்டுன மெக்தானே, அப்ப இன்புட் உறவுதானேன்னு. இல்லீங்க. மெக் செய்யுற வேலைல மெக் சரக்கு இல்ல, வேலையாளு, அதோட சரக்கு எர்க். ராஃப் அந்த ஆளையே தட்டி எழுப்புது, அதனால நேரடி பாசிட்டிவ் ரெகுலேஷன். முதல் ஃபங்ஷன்ல இருந்து வெளிய வர்றது ரெண்டாவது வேலைல சப்ஸ்ட்ரேட்டா போகுதா, வேலையாளாவே நிக்குதான்னு பாத்தா பாதி சண்ட அங்கயே முடிஞ்சிடும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸ் ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட். பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் இத செஞ்சு தருது, அல்டோலேஸ் வாங்கி ரெண்டா ஒடைக்குது, அது இன்புட். ஆனா இதே மாலிக்யூல் கல்லீரல்ல கடைசி ஸ்டெப்புல இருக்குற பைருவேட் கைனேஸோட ஒரு ஓரத்துல, ஆக்டிவ் சைட் (என்சைமோட வேல நடக்குற எடம்) இல்லாத எடத்துல, போய் ஒக்காந்து அத முடுக்கி விடுது. அது கரையுறதும் இல்ல மாறுறதும் இல்ல, பைருவேட் கைனேஸோட இன்புட் பாஸ்போஈனால்பைருவேட். ஸோ அங்க "சின்ன மாலிக்யூல் ஆக்டிவேட்டர்"ங்குற தனி உறவு. ஒரே பொருளு, ரெண்டு எடத்துல ரெண்டு ரோலு, வெறும் அம்பு போட்டிருந்தா ரெண்டும் ஒண்ணாதான் தெரிஞ்சிருக்கும்.

ரியாக்டோம்ங்குற இன்னொரு பாத்வே டேட்டாபேஸ் இத வேற மாதிரி பண்ணுது, எந்த ஈவென்ட் முன்னாடி வருதுங்குறத தனியாவும் ரெகுலேஷன தனியாவும் வெச்சுக்குது. படிக்க ஈஸிதான், ஆனா முன்னாடி பின்னாடிங்குறது மட்டும் இருந்தா ஏன் முன்னாடின்னு நாமதான் உள்ள போய் தேடணும். எனக்கு கோ-காம் வழிதான் ஒத்து வருது, கை வலிச்சாலும்.

அடுத்தது ஆதாரம். ஜீன் ஏ-வ நாக்டவுன் பண்ணோம் (அதோட அளவ கொறச்சோம்), பி-யோட ஆக்டிவிட்டி கொறஞ்சிச்சுன்னு பேப்பர்ல இருந்தா, அத வெச்சு "நேரடியா"ன்னு போட முடியாது, நடுவுல நாலு ஆள் இருக்கலாம். சுத்திகரிச்ச புரோட்டீன் ரெண்ட மட்டும் ட்யூப்ல போட்டு காட்டியிருந்தா சரி. இல்லன்னா "காரண வரிசைல முன்னாடி, பாசிட்டிவ் எஃபெக்ட்"னு தளர்வா போட்டுட்டு விடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. பி53 மாதிரி டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னா (மத்த ஜீன்கள ஆன் பண்ற புரோட்டீன்) மெக்கானிசம் தெரியும், ஆனா நடுவுல பி21 எம்ஆர்என்ஏ உருவாகி புரோட்டீனாகணும், அதனால பி53-க்கும் பி21-க்கும் மறைமுக பாசிட்டிவ் ரெகுலேஷன், பி21 போய் சிடிகே2-ங்குற கைனேஸ புடிக்கிறது மட்டும் நேரடி நெகட்டிவ்.

எப்பவும் ஒரே அளவுல ஓடிட்டு இருக்குற, ஆனா இல்லாம முடியாத வேலைக்கும் ஒரு உறவு இருக்கு. ஃப்யூரின்ங்குற, புரோட்டீன வெட்டுற என்சைம் வெட்டித் தந்தாதான் இன்சுலின் ரிசெப்டர் முழுசாகுது, ஆனா இன்சுலின் ஏறுது எறங்குதுங்குறத பாத்து அது வெட்டல, அத ரெகுலேஷன்னு போடாதீங்க.

தசைக்கு போட்ட மாடல கல்லீரலுக்கு காப்பி பண்றவங்களுக்கு ஒண்ணு. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் தசைல இருக்குற ஹெக்ஸோகைனேஸயே திரும்பி வந்து தடுக்கும், அதுக்கு ஒரு பின்னோக்கி உறவு போட்டிருப்பீங்க. கல்லீரல்ல அந்த எடத்துல இருக்குறது குளுக்கோகைனேஸ், அது இதுக்கெல்லாம் அசராது, அந்த ஒரு உறவ அழிச்சிட்டு சேவ் பண்ணுங்க.