ஷிப்டுக்கு முன் பதினைந்து நிமிடம்: எந்த வேத வாசிப்பு யாருக்கு?

திருப்பூரில் காலையில் பனியன் கம்பெனிக்கு ஓடுகிறவருக்கும், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் இரவெல்லாம் நின்றவருக்கும் ஒரே தியான முறையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் பரவலாகப் புழங்குபவை மூன்று: தினதியானப் புத்தகம், ஓராண்டில் முழு வேதாகமம், கத்தோலிக்கரின் திருப்பலி (பூசை) வாசகங்கள், அதாவது அன்றன்றைக்கெனக் குறித்த வேதப் பகுதிகள்.

தினதியானப் புத்தகம்தான் ஆக எளிது. ஒரு வசனம், ஒரு பக்க விளக்கம், நாலு வரி ஜெபம். பஸ்ஸில் நின்றபடியே முடித்துவிடலாம். விடிகாலை வாட்ஸ்அப்பில் வந்து விழும் வாக்குத்தத்த அட்டையும் இதே இனம். வசனத்தின் அக்கம்பக்கம் தெரியாமல் போவதுதான் இதில் எனக்குள்ள குறை. எரேமியா 29:11 அடிக்கடி வரும்: நல்ல எதிர்காலம் தருவேன் என்ற வாக்கு. அதற்கு முந்திய வசனமோ பாபிலோனில் எழுபது ஆண்டு கழிய வேண்டும் என்கிறது. சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றும் அதில் இருக்கிறது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டே வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தென்மாவட்டக் குடும்பங்கள் திருப்பூரில் எத்தனை! அவர்களுக்கு அந்த முழுக் கடிதமும் அல்லவா வேண்டும்?

முழு வேதாகமம் என்றால் 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு. வரிசையாகப் போனால் ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் வந்து நிற்கும். பலிமுறைகளின் நடுவே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மறே மக்செயின் 1842-இல் தம் சபைக்கு வகுத்த அட்டவணை இதைச் சாமர்த்தியமாகக் கடக்கிறது. ஜனவரி 1 அன்றே ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் என நான்கும் தொடங்கும். ஒன்று வறண்டால் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் மூன்று நாள் விட்டால் பன்னிரண்டு அதிகாரம் நிலுவை, கந்துவட்டியைப் போல. பணி ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்றது. ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஷிப்டுக்காரர்களுக்கு என் தேர்வு திருப்பலி வாசகங்கள்தான். 1969-இல் சீரமைத்த ஒழுங்கு இது: ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி, வாரநாள் முதல் வாசகம் ஈராண்டுச் சுழற்சி, வாரநாள் நற்செய்தி ஆண்டுதோறும் அதே. விட்ட நாள் கடனாகச் சேராது. பகுதி சிறியது என்பதால், 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ சொன்ன நான்கு படிகளுக்கும் பதினைந்து நிமிடத்தில் இடமுண்டு: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, பிறகு பேசாமல் இறைவன்முன் இருப்பது. கடைசிப் படியில் இரவு ஷிப்டுக்காரர் தூங்கிவிடுவார். அவர் மாலையில் எழுந்ததும் படிக்கட்டும்.

இதிலும் வெட்டு உண்டு. பாபிலோன் ஆறுகளோரம் அழுத 137-ஆம் சங்கீதத்தைத் திருப்பலியில் ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் வரும் கொடிய சாபம் காதில் விழாது. வீட்டிலாவது மீதியையும் படிக்க வேண்டும் என்பேன்.

புராட்டஸ்டன்ட் மரபினரான சி.எஸ்.ஐ. சபையார் இந்த ஒழுங்கைப் பின்பற்றத் தடையொன்றும் இல்லை. தோபித்து, சீராக் போல அவர்களுடைய 66 நூல்களில் இல்லாத வாசகம் வரும் நாளில், அன்றைய பதிலுரைப் பாடலும் (முதல் வாசகத்துக்கு மறுமொழியாக வருவது) நற்செய்தியும் போதும்.