செம்பியோ யாங்ஜோ 501: கொரிய சோயா முட்டைக்கு எந்த பாட்டில்?

கொரியர்கள் மயாக் கெரான் என்று சொல்லும் முட்டைக்கு அடுப்பில் வேலை ஆறேழு நிமிடம்தான். மிச்சத்தையெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் சோயா சாஸ் பார்த்துக்கொள்கிறது. மஞ்சள் கரு தேன்பதத்தில் இருக்கும்படி வேகவைத்து, ஓடு உரித்து, பூண்டும் வெங்காயமும் மிளகாயும் மிதக்கும் சாஸில் ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். சாஸைக் கொதிக்கவிடும் கட்டமே கிடையாது. அதனால் எந்த பாட்டிலை வாங்கினோம் என்பதிலேயே பாதி ருசி முடிவாகிவிடுகிறது. பச்சையாக நாக்கில் விட்டுப் பார்த்தால் பிடிக்காத சாஸ், முட்டைக்குள் போனாலும் பிடிக்காது.

இந்த வேலைக்குக் கொரியக் கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றில் முதலில் கைவைக்க வேண்டியது செம்பியோ நிறுவனத்தின் யாங்ஜோ கன்ஜாங் 501. 1946-இல் தொடங்கிய பழைய கம்பெனி இது. கன்ஜாங் என்றால் சோயா சாஸ், யாங்ஜோ என்றால் நொதிக்கவைத்துத் தயாரித்தது. 501 என்பது மாடல் நம்பர்போலத் தெரிந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. சாஸில் உள்ள மொத்த நைட்ரஜன் 1.5 சதவீதம் என்பதைத்தான் அது குறிக்கிறது. சோயாவின் புரதம் உடைந்து அமினோ அமிலமாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல். எண் ஏற ஏற நாக்கில் நிற்கும் சுவையும் ஏறும். 1.5 என்பது கொரியத் தர வரிசையில் மேல்தட்டு. இதே வரிசையில் 1.7 சதவீதத்தோடு 701-உம் உண்டு, விலையும் கூட. சாஷிமி எனும் பச்சை மீன் துண்டுகளைத் தொட்டுக்கொள்ள 701 வாங்கினால் நியாயம். சரிபாதி தண்ணீரும் சர்க்கரைப் பாகும் கலந்து, மேலே பூண்டைக் கொட்டப்போகிற முட்டைக்கு அது வீண் செலவு.

கொரியக் கடையில் இந்த அலமாரிக்கு முன்னால் நின்றால் தலை சுற்றும். எல்லா பாட்டிலிலும் கன்ஜாங் என்றுதான் இருக்கும், வேலை மட்டும் வேறு வேறு. குக் கன்ஜாங் சூப்புக்கானது. நிறம் வெளிறியிருப்பதால் லேசானது என்று நினைத்துவிட வேண்டாம், உப்பு யாங்ஜோவைவிட அதிகம். இதில் முட்டை ஊறினால் வெளியே வெளுத்தும் உள்ளே கரித்தும் வரும். இந்தப் பலகாரத்தைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஜின் கன்ஜாங் விஷயம் கொஞ்சம் சிக்கல். அந்தக் காலத்தில் பல வருடம் பழுக்கவைத்த சாஸுக்குத்தான் அந்தப் பெயர். இன்று தொழிற்சாலை பாட்டிலில் ஜின் என்று இருந்தால் பெரும்பாலும் அது கலப்பு சாஸ்: நொதிக்கவைத்தது ஒரு பங்கு, அமிலத்தில் புரதத்தை உடைத்து எடுத்தது மறு பங்கு. இரண்டாவதன் பெயர் சான்புன்ஹே கன்ஜாங். மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலையை அமிலம் சில நாளில் முடித்துவிடும், மணம்தான் வராது. பின்பக்க லேபிளில் எது எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். ஜின் கன்ஜாங்கை மட்டம் என்று தள்ளவும் முடியாது. விலை குறைவு, நீண்ட நேரம் கொதித்தாலும் சுவை மாறாது. இறைச்சியும் முட்டையும் சாஸிலேயே கொதிக்கும் ஜாங்ஜோரிமுக்கு அதுதான் சரி. யாங்ஜோவின் மணமோ சூட்டில் பறந்துவிடும். மயாக் கெரானில் சூடே இல்லாததால் அந்த மணம் முழுசாக முட்டைக்குப் போகிறது. 501-க்கு இங்கே மதிப்பெண் ஏறுவது இதனால்தான்.

ஜப்பானின் கிக்கோமான் கைவசம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதுவும் நொதித்த சாஸ், உப்பும் ஏறக்குறைய அதே அளவு. 501-இல் இனிப்பு சேர்த்திருப்பதால் அது சற்று மென்மையாக இறங்கும், கிக்கோமானில் கோதுமை மணமும் ஒரு கூர்மையும் முன்னால் நிற்கும். கிக்கோமான் என்றால் பாகை இரண்டு மேசைக்கரண்டி கூட்டினால் சரியாகிவிடும். சீன டார்க் சோயா வேண்டாம், அது நிறத்துக்கானது. முட்டை சீக்கிரமே கறுத்துப்போய், ஊறிவிட்டதென்று ஏமாற்றும், உள்ளே சப்பென்று இருக்கும். நம் மளிகைக் கடைகளில் ஃபிரைட் ரைஸுக்கு விற்கும் சாஸ்களில் லேபிளை ஒரு தடவை படித்துவிடுங்கள். கேரமல் நிறமும் ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீனும் (உடைத்தெடுத்த தாவரப் புரதம்) முதல் வரிகளிலேயே இருந்தால் அது வாணலிக்குத்தான் லாயக்கு.

501-இலும் குறை உண்டு. முழு சோயாவில் செய்ததல்ல, எண்ணெய் எடுத்த சோயாவில் செய்தது. முழு சோயா சாஸின் வழவழப்பு இதில் கிடைக்காது. கோதுமை இருப்பதால் குளூட்டன் ஆகாதவர்களுக்கு உதவாது. கெட்டுப்போகாமல் இருக்க ஆல்கஹால் சேர்ப்பது கொரிய சாஸ்களில் வழக்கம், விலக்குபவர்கள் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். பெரிய பாட்டில் லாபம்போலத் தோன்றும். ஆனால் திறந்தபின் காற்றுப் பட்டு நிறம் கறுத்து மணம் இறங்கும். வாரம் ஒரு தடவை முட்டை போடும் வீட்டுக்கு 500 மில்லி போதும், அதையும் திறந்தபின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

பத்து முட்டைக்கு 501-ஐ வைத்து அளவு இது: சாஸ் 200 மில்லி, தண்ணீர் 200 மில்லி, முல்யொத் எனப்படும் மாச்சர்க்கரைப் பாகு 150 மில்லி. கொரிய இணையத்தில் மூன்றும் ஒரு காகிதக் கப் என்று சமபங்கு சொல்பவர்கள் நிறைய, அது நம் நாக்குக்கு ஜீராபோல இருக்கும். முல்யொத் இல்லாவிட்டால் ஒலிகோதாங் என்ற இன்னொரு கொரிய இனிப்புப் பாகு. அதுவும் இல்லையா, 100 கிராம் சர்க்கரையை அந்த 200 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, முழுக்க ஆறவிட்டுச் சேர்க்கலாம். தேன் வேண்டாம், அதன் வாசனை சாஸை மூடிவிடும். இதோடு பொடியாக நறுக்கிய வெங்காயம் பாதி, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் இரண்டு, சிவப்பு மிளகாய் ஒன்று, நசுக்கிய பூண்டு ஒரு மேசைக்கரண்டி, வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி. கொரியாவில் போடும் சோங்யாங் மிளகாய் காரமானது, நம் பச்சை மிளகாய் அந்த இடத்தைக் கூச்சமில்லாமல் பிடித்துக்கொள்ளும்.

501-இல் உப்பு சுமார் 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 200 மில்லியில் 32 கிராம் வரும். 550 மில்லி கலவையில் அது 6 சதவீதத்துக்குக் கிட்ட. அரை நாளில் முட்டை பதமாவதற்கும் இரண்டு நாளில் கரிப்பதற்கும் இந்த எண்தான் காரணம். தண்ணீரைக் குறைத்தால் சீக்கிரம் ஊறும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு வெளியே கரித்து உள்ளே உப்பேறாத முட்டைதான் கிடைக்கும்.

இனி முட்டை. கொரியச் செய்முறைகளில் பெரும்பாலும் 60 முதல் 68 கிராம் வரை உள்ள முட்டைதான் கணக்கு. நம் கடை முட்டை பலதும் 50 முதல் 55 கிராம். கொரிய வீடியோவில் ஏழு நிமிடம் என்று பார்த்து இங்கே ஏழு நிமிடம் வைத்தால் மஞ்சள் கரு இறுகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்த 55 கிராம் முட்டைக்கு ஆறு நிமிடம், 65 கிராமுக்கு ஆறரை முதல் ஏழு. முட்டை வெளியே, சென்னை வெயிலில் இருந்ததென்றால் அரை நிமிடம் குறைக்க வேண்டும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும், அங்கே ஒரு நிமிடமாவது கூட்டுங்கள்.

தண்ணீர் நன்றாகக் கொதித்தபின்தான் முட்டையைக் கரண்டியால் இறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் நேரக் கணக்கு அடுப்புக்கு அடுப்பு மாறும், உள்சவ்வும் வெள்ளைக் கருவோடு ஒட்டிக்கொள்ளும். பத்து முட்டைக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும். சின்னப் பாத்திரத்தில் குளிர்ந்த முட்டைகளைப் போட்டவுடன் கொதி நின்றுவிடும். அது மறுபடி எழும்ப ஒன்றரை நிமிடம் போனால் உங்கள் ஆறு நிமிடம் உண்மையில் நாலரை. முதல் இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் வெள்ளை மெலிந்து, உரிக்கும்போது பொத்துக்கொள்ளும். தண்ணீரில் ஒரு கரண்டி உப்பும் கொஞ்சம் வினிகரும் போடுவது, ஓடு கீறினால் வெள்ளை வெளியே ஓடாமல் சட்டென்று உறைவதற்கு. உரிப்பதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

உரிப்பதற்குச் சம்பந்தம் முட்டையின் வயது. இன்று இட்ட முட்டையின் வெள்ளையில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், காரத்தன்மை குறைவு. வெந்தபின் சவ்வை விடாது. நாளாக ஆக வாயு ஓட்டின் வழியே வெளியேறி, காரத்தன்மை கூடி, ஓடு வழுக்கிக்கொண்டு வரும். ஒரு வாரம் பத்து நாள் ஆன முட்டை இதற்கு உத்தமம். கொரியாவில் இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, 2019 முதல் ஓட்டின் மேலேயே இட்ட தேதி அச்சாகிறது. பத்து எழுத்துகளில் முதல் நான்கு மாதமும் நாளும், நடுவில் ஐந்து பண்ணையின் குறியீடு, கடைசி இலக்கம் கோழி எப்படி வளர்ந்தது என்பது. 1 என்றால் திறந்தவெளி, 4 என்றால் பழைய கூண்டு. நம் ஊரில் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் ஒரு வாரம் போட்டுவைப்பதுதான் வழி.

நேரம் முடிந்ததும் ஐஸ் தண்ணீருக்கு மாற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். குழாய்த் தண்ணீர் போதாது. உள்ளே தங்கும் சூடு மஞ்சள் கருவை வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டை முழுக்கத் தட்டி நொறுக்கி, காற்றறை இருக்கும் மொட்டைப் பக்கத்திலிருந்து தண்ணீருக்குள்ளேயே உரிக்க வேண்டும்.

கலவை ஆறியிருக்க வேண்டும் என்பதை இரண்டாவது முறையும் சொல்லலாம், பிழை இங்கேதான் அதிகம் நடக்கிறது. சர்க்கரை கரைத்த சூட்டோடு ஊற்றினால் அரைவேக்காடு முக்கால்வேக்காடாகிவிடும். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் குறுகலான டப்பா நல்லது, அகலமான டப்பாவில் சாஸ் முட்டையை மூடாது. உப்பும் பாகும் சேர்ந்த கலவை கனமானது என்பதால் முட்டை மிதக்கும். மேலே கிச்சன் டவல் ஒன்றை விரித்து நனைத்துவிட்டால் துருத்தும் பக்கமும் நிறமேறும். இல்லாவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும்.

ஆறு மணி நேரத்தில் நிறம் தேநீர்போல ஏறியிருக்கும், உப்பு மேலோட்டம். பன்னிரண்டில் சாப்பிடலாம். இருபத்துநான்கில்தான் 501 தன் வேலையைக் காட்டும்: மஞ்சள் கருவின் ஓரம் உப்பால் கெட்டியாகி அல்வாபோல ஒட்டும், நடு இன்னும் வழியும். அதற்குமேல் விட்டால் உப்பு நீரை இழுத்து வெள்ளைக் கரு ரப்பர் ஆகும். அன்று தீராத முட்டைகளைச் சாஸிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் வைப்பது நல்லது. அரைவேக்காடு என்பதால் முழுக்க ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

சாப்பிடும் முறை: சூடான சோறு, மேலே இரண்டு முட்டை, சாஸ் இரண்டு கரண்டி, எள்ளெண்ணெய் சில துளி. நல்லெண்ணெய் இருக்கிறதே என்று கை நீளும், நீட்ட வேண்டாம். கொரிய எண்ணெய் எள்ளை வறுத்து ஆட்டியது. நம்முடையது வறுக்காத எள், செக்கில் கருப்பட்டியும் சேரும். இரண்டும் வேறு வேறு வாசனை. கொரிய எண்ணெய் கிடைக்காவிட்டால் வறுத்த எள்ளைக் கூடுதலாக நுணுக்கித் தூவுவது மேல்.

மயாக் என்பதற்குப் போதைப்பொருள் என்று பொருள், ஒன்றோடு நிறுத்த முடியாது என்ற கேலியில் வந்த பெயர். உணவுப் பெயர்களில் இந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி கொரிய அரசு 2024 முதல் கேட்டுக்கொள்கிறது. அதனால் இப்போது கெரான்ஜாங் என்று தேடினாலும் இதே செய்முறை வரும். சென்னையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து கார் ஆலைகளையொட்டிக் கொரியர்கள் குடியேறியதால் கொரிய மளிகைக் கடைகள் உண்டு, 501-ஐ அங்கே கேட்டுப்பாருங்கள். தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மிச்சமாகும் சாஸை இன்னொரு சுற்று முட்டைக்குப் போடலாமா? ஒரு தடவைக்குமேல் கூடாது. அதுவும் வெங்காயத்தை வடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி, 501 மூன்று மேசைக்கரண்டி புதிதாக விட்டபிறகுதான். வெங்காயம் விட்ட நீரில் முதல் சாஸ் நீர்த்துப்போயிருக்கும். கொதித்ததில் யாங்ஜோவின் மணமும் போய்விடும். அதைவிட உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டி அந்தச் சாஸில் வற்றவைத்தால் நல்ல தொடுகறி.