சேர்வராயன் உச்சியா, மூக்கனேரிக் கரையா?

சேலத்துக்காரருக்கு விடியலைக் காண இரண்டு நல்ல இடங்கள் உண்டு.

சேர்வராயன் கோயில் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். முந்தைய நாளே ஏற்காட்டில் தங்கிவிடுங்கள்; 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் கடப்பது வேண்டாம். கதிரவன் எழும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடில்லை. ஆனால் மூடுபனி கவிந்துவிட்டால் எதிரே வெண்மை மட்டுமே.

கன்னங்குறிச்சி மூக்கனேரி ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. 2010-இல் நகர மக்களே முன்வந்து மீட்ட ஏரி இது. அள்ளிய மண்ணைத் திட்டுகளாக்கி, மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகள்தான் இன்று பறவைகளின் புகலிடம். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும். நீர்க்காகம் சிறகை விரித்தபடி நிற்கும். அதன் இறகு நீரில் நனைந்துவிடும் என்பதால் வெயிலில் உலர்த்தியாக வேண்டும். நீலத் தாழைக்கோழியின் நிறத்தை இளவெயிலில் பார்க்க வேண்டும், அடடா!

விருந்தினர் வந்தால் மலைக்கு அழைத்துச் செல்வேன். என் வாரக் காலைகள் ஏரிக்கே. முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் கரையில் நிம்மதியாக நிற்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். பைனாகுலரை மறக்க வேண்டாம்.