1964 மிசிசிப்பி கொலைகள்: அசல் ஆவணங்களை எந்தக் காப்பகத்தில் தேடுவது?

1964 ஜூன் 21 அன்று மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டியில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூவர் கொல்லப்பட்டார்கள். கருப்பின மக்களின் சம உரிமை இயக்கத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள். கூகுளில் இந்தப் பெயர்களைப் போட்டால் வருவதெல்லாம் பிற்காலக் கட்டுரைகளும் நினைவுநாள் செய்திகளும்தான். அன்றைய காகிதம் வேண்டுமென்றால் நான்கு இடங்கள் இருக்கின்றன. நான்கிலும் தேடும் முறை வேறு, கிடைப்பதும் வேறு.

பலரும் முதலில் போவது அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் 'வால்ட்' தளம். அங்கே இந்த வழக்கு 'மிபர்ன்' என்ற பெயரில் இருக்கிறது, 'மிசிசிப்பி பர்னிங்' என்பதன் சுருக்கம். கொலைக்கு 5 நாள் முன்பு மவுண்ட் சயான் தேவாலயம் எரிக்கப்பட்டதிலிருந்து வந்த பெயர். இந்தச் சொல்லைப் போட்டால் கோப்பு நேராக வந்துவிடும். ஆனால் பழைய தட்டச்சுப் பக்கங்களின் ஸ்கேன் என்பதால் பிடிஎஃப்-க்குள் சொல் தேடல் பாதி நேரம் காலை வாரும். பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். வெளியிடும்போது எஃப்பிஐ மறைத்த இடங்களின் ஓரத்தில் உள்ள குறியைக் கவனியுங்கள்: 'பி7சி' என்றால் தனிமனித அந்தரங்கம், 'பி7டி' என்றால் ரகசியத் தகவலாளி. யார் என்று தெரியாவிட்டாலும், அங்கே ஒரு தகவலாளி இருந்தார் என்பது தெரியும்.

சம உரிமை இயக்கத்தை வேவு பார்க்க மாநில அரசே நடத்திய உளவு அமைப்பான மிசிசிப்பி சாவரின்டி கமிஷனின் காகிதங்கள், என் கணக்கில், நான்கிலும் சுவையானவை. 1956-ல் தொடங்கி 1977-ல் மூடப்பட்ட அமைப்பு இது. 2027 வரை திறக்கக் கூடாது என்று சட்டமன்றம் பூட்டி வைத்ததை, நீதிமன்ற உத்தரவு 1998-லேயே திறந்தது. 2002-ல் மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியது. 1,30,000 பக்கங்களுக்கு மேல். இங்கே தேடல் பெயர் அட்டவணையை நம்பியே ஓடுகிறது. ஒற்றர்களோ காதில் விழுந்தபடி எழுதியவர்கள். அதனால் கடைசிப் பெயரை மட்டும் போட்டு, எழுத்துகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். 'சேனி'யில் ஆங்கில 'ஏ'வுக்குப் பதில் 'ஈ' போட்டும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கிடைத்ததும் அதன் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு போட்டுப் பிரித்த நீள எண் அது. அதே தொகுப்பில் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில்தான் பல நேரம் விஷயம் இருக்கும். இயக்க அலுவலகங்களிலிருந்து உளவாளிகள் சுட்டுக்கொண்டு வந்த காகிதங்கள்கூட இங்கே கிடைக்கும்!

இயக்கத்தின் பக்கம் வேண்டுமென்றால் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தின் 'ஃப்ரீடம் சம்மர்' தொகுப்பு. 1964 கோடையில் மிசிசிப்பியில் கருப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிய நடந்த இயக்கத்தின் பெயர் அது. இங்கே சொல்லை உள்ளடக்கத்திலேயே தேடலாம். ஆனால் மூலங்கள் பலவும் கார்பன் காப்பி, சைக்ளோஸ்டைல் பிரதி. மை மங்கிய இடத்தில் இயந்திரம் எழுத்தைத் தப்பாக வாசித்திருக்கும். ஒரு சொல் சிக்காவிட்டால் தேதியையோ ஊரையோ போடுங்கள். 'வாட்ஸ்' அறிக்கைகளைத் தவறவிடாதீர்கள். நிலையான மாதக் கட்டணத் தொலைபேசி இணைப்பில் களத்திலிருந்து வந்த அழைப்புகளை உடனுக்குடன் தட்டச்சு செய்தவை அவை. மாலை 4 மணிக்குள் திரும்ப வேண்டிய மூவரும் திரும்பாத பதற்றத்தை மணி வாரியாகப் பின்தொடர இவைதான் வழி. எஃப்பிஐ கோப்பில் இந்தத் துடிப்பு இருக்காது.

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் கேட்டலாக் பெரியது, ஏமாற்றுவதும் அதுதான். தேடினால் நிறைய வரும். திறந்தால் படம் இருக்காது, தொகுப்பின் விவரம் மட்டும் இருக்கும். 'இணையத்தில் உள்ளவை' என்ற வடிகட்டியை முதலிலேயே போட்டுவிடுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடுங்கள், எங்கே எழுதிக் கேட்பது என்பது அப்போது தெரியும். காப்பகம் ஒவ்வொரு துறையின் காகிதங்களுக்கும் ஒரு 'பதிவுத் தொகுதி' எண் தருகிறது: நீதித் துறைக் காகிதங்கள் 60-ல், மாவட்ட நீதிமன்ற வழக்குகள் 21-ல். இந்தக் கொலைகள் தொடர்பாக 1967-ல் 7 பேர் தண்டிக்கப்பட்ட வழக்கு மிசிசிப்பியில் நடந்ததால் அட்லாண்டா கிளையைக் கேட்க வேண்டும்.

எங்கே தேடினாலும் இரண்டு பொறிகள். கொலை நடந்த பகுதியின் ஊர்ப் பெயர் பிலடெல்பியா. வெறுமனே போட்டால் பென்சில்வேனியா நகரம் வந்து குவியும், 'நெஷோபா'வைச் சேர்த்தால்தான் தப்பிக்கலாம். அடுத்தது, காலத்தின் சொல். 'ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்' என்று தேடினால் பிற்காலத்தார் எழுதிய விவரக் குறிப்புகள்தான் பெரும்பாலும் வரும். 1964-ன் தாளில் இருப்பது 'நீக்ரோ', 'கலர்ட்'. இன்று சொல்லக் கூசும் சொற்கள்தான், தேடல் பெட்டியில் வேறு வழியில்லை.

நான்கில் ஒன்றைத்தான் முதலில் திறக்க நேரமிருக்கிறது என்றால் விஸ்கான்சினைத் திறங்கள். அங்கே கிடைக்கும் பெயர்களை எடுத்துக்கொண்டு சாவரின்டி கமிஷனுக்குப் போங்கள். இந்த வழக்கின் 1964 முதல் 2007 வரையிலான இன்னொரு கோப்புத் தொகுப்பு 2021-ல் ஜாக்சனில் உள்ள மாநிலக் காப்பகத்தில் திறக்கப்பட்டது. அதற்குக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.